என் நைனாவின் துப்பாக்கி, உன் முகம்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் இவர்கள். மாமியார் முனியம்மா, வாசல்படி ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டு. பக்கத்து வீட்டுக் குப்பம்மாள், இடுப்பில் என் பையன் மணியோடு. டீக்கடை ஏழுமலை, அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து சினிமாக்காரர்களுக்குக் குடை பிடித்துக்கொண்டு. பட்டணத்திலிருந்து வந்த சினிமாக்காரர்கள், அவர்களில் ஒருத்தர் பேரும் எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் நடுவில் நீ, என் மூத்த ஓரகத்தி. கூட்டத்துக்குப் பின்னால், தலையில் ஈரம் காயாமல், முழங்கால் வரை சேறோடு நான். என் வீட்டுக்காரர் அன்றைக்கு அங்கே இல்லை. ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போயிருந்தார். அப்படித்தான் சொன்னார்.

இத்தனை பேரில் படத்தில் இருப்பது நீ ஒருத்திதான், அக்கா.

போன வாரம் நான் சாமை புடைத்துக்கொண்டிருந்தேன். பேத்தி சந்தியா வந்து முறத்துக்கும் என் முகத்துக்கும் நடுவில் போனை நீட்டினாள். "ஆயா, இது யாரு சொல்லு பாக்கலாம்" என்றாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தால், நீ. நம் வீட்டு வாசலில், மார்புக்குக் குறுக்கே துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு, நெற்றியில் ரூபாய்க் காசு அளவுக்குக் குங்குமப் பொட்டோடு நிற்கிறாய். உன்னைப் புதைத்த இடத்தில் தும்பை முளைத்துப் பூத்தும் விட்டது. நீ என்னடா என்றால் என் பேத்தி கையில் முப்பது வயசுக்காரியாக முறைத்துக்கொண்டு இருக்கிறாய். முறத்திலிருந்த சாமை பாதி தரையில் கொட்டிவிட்டது. கோழிகள் தின்றன.

உனக்கு விளங்கச் சொல்கிறேன். சந்தியா திருவண்ணாமலையில் காலேஜ் படிக்கிறாள். ஊரில் இருக்கிற பெண்கள் சினிமா பார்த்தால் புடவையைப் பார்ப்பார்கள், நகையைப் பார்ப்பார்கள். இவள் துப்பாக்கியைப் பார்க்கிறாள். கதாநாயகன் அழுதுகொண்டிருப்பான், இவள் படத்தை நிறுத்திவிட்டு, "இந்தத் துப்பாக்கி அந்தக் காலத்துல ஏது?" என்று சிரிப்பாள். இவளைப் போலவே உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்களாம். அவர்கள் எல்லோரும் சேர்ந்து போனுக்குள் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். எந்தப் படத்தில் எந்தத் துப்பாக்கி வந்தது, யார் கையில் இருந்தது, நிஜமா கட்டையா என்று படம் படமாக எழுதி, அந்தக் காட்சியை அப்படியே நிறுத்திப் பிடித்து ஒட்டி வைக்கிறார்கள்.

"இதுக்கெல்லாமா ஒரு எடம் வெச்சிருக்காங்க?" என்றேன்.

"ஒரு துப்பாக்கி பேரு மாத்திப் போட்டா அங்க சண்டையே நடக்கும் ஆயா."

"பொடவைக்கு இந்த மாதிரி இருக்குதா?"

"தெரியலயே."

"பின்ன இன்னா பெரிய ஒலகம்."

நம் வீட்டுத் துப்பாக்கி சினிமாவில் நடித்த கதையைச் சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவள் அவள். அந்தப் பழைய படத்தை யாரோ போனில் ஏற்றியிருக்கிறார்களாம். அதைத் தேடிக்கொண்டு போனவளுக்கு இந்த இடத்திலும் அது கிடைத்திருக்கிறது. நமக்கு முன்னாலேயே யாரோ முகம் தெரியாத ஆள் அந்தப் படத்தை உட்கார்ந்து பார்த்து, நம் துப்பாக்கியைக் கண்டுபிடித்து எழுதி வைத்துவிட்டான். இங்கிலீஷில் இருந்ததைச் சந்தியா தமிழில் சொன்னாள். ஒற்றைக் குழல். வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. கட்டையில் செம்புக் கம்பி சுற்றியிருக்கிறது. பழசாகத் தெரிவதற்காகப் படத்துக்காரர்கள் செய்த ஜோடனையாக இருக்கலாம். கையில் வைத்திருப்பவர், பெயர் தெரியாத கிராமத்துப் பெண்.

ஜோடனையாம். உனக்குத் தெரியும், அது என் நைனா சுற்றிய கம்பி. சந்தவாசல் பக்கம் எங்கள் கடலைக் கொல்லையில் பன்றி விரட்டப் போய், பாறையில் விழுந்து துப்பாக்கிக் கட்டை விரிந்துவிட்டது. தச்சனிடம் கொடுத்தால் அறுவடை முடிந்துதான் தருவான் என்று நைனாவே உட்கார்ந்து சுற்றினார். கம்பியின் ஒரு முனையை நான் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கும் செம்பைப் பார்த்தால் என் நாக்கில் அந்தப் புளிப்பு வருகிறது. நைனாவுக்கு ஆண் பிள்ளை கிடையாது. கண் மங்கின பிறகு லைசென்ஸை மருமகன் பேருக்கு மாற்றிக் கொடுத்தார். என்னோடு மலை ஏறி வந்தது ஒரு பெட்டி, ஒரு பசு, அந்தத் துப்பாக்கி. காகிதத்தில் யார் பேர் இருந்தாலும் அது எனக்கு வந்த சீர்.

சந்தியா சொன்னாள், அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம், அவளும் அங்கே எழுதுகிறவள்தான் என்று. "பேரு தெரியலன்னு போட்டுக்கிறாங்க. நாம போட்டுடலாம். இன்னா பேரு போடட்டும் ஆயா?"

அவள் சும்மாதான் கேட்டாள். அவளுக்கு உன் பேர் தெரியும். பெரிய ஆயாவுக்கு முழுப் பேர் என்ன என்று கேட்டாள், அவ்வளவுதான். நான் மட்டும், "இரு, யோசிச்சிச் சொல்றேன்" என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய். நிறைய இருக்கிறது.

சினிமாக்காரர்கள் வந்து இறங்கின நாள் உனக்கு நினைவிருக்கும். அவர்கள் கொண்டுவந்த துப்பாக்கிகள் எல்லாம் மரத்தில் செய்து கறுப்புச் சாயம் அடித்தவை. மலைத் தூறலில் சாயம் இளகி, திருடன் வேஷம் போட்டவன் கையெல்லாம் கறுப்பு. அவன் தெரியாமல் மூக்கைத் துடைத்துவிட்டு மீசை பெரிதானது போல் நின்றான். நீயும் நானும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம். தொப்பி போட்ட ஆள் ஒருத்தர் வந்து, நிஜமான துப்பாக்கி ஊரில் இருக்கிறதா என்று கேட்டார். நான்தான் உள்ளே போய்ப் பரணிலிருந்து எடுத்து வந்தேன். மருந்து இல்லை என்று குதிரையைத் தூக்கிக் காட்டிவிட்டு, நைனா பிடிக்கிற மாதிரி மார்புக்குக் குறுக்கே பிடித்து நின்றேன்.

"அப்படியே நில்லும்மா" என்றார் தொப்பிக்காரர். சுற்றி வந்து பார்த்தார். "நாளைக்கும் இதே மாதிரி நின்னா போதும். கதவத் தொறந்துக்கினு வெளிய வரணும், நிக்கணும். பேச ஒண்ணும் இல்ல."

அன்று சாயங்காலம் நீதான் என்னைவிடத் துள்ளினாய். உன் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து அந்தக் கத்திரிப்பூ நிறச் சேலையை எடுத்தாய். மூத்தவர் இறந்த பிறகு நீ அதைத் தொட்டதில்லை. "நான் இனிமே எங்க கட்டப்போறேன். நீயாவது கட்டிக்கினு நில்லு. ஒலகம் பாக்கட்டும்" என்றாய். மடிப்பில் பூச்சி உருண்டை வாசனை. அதை ராத்திரி முழுக்கக் கொடியில் போட்டு வைத்தேன்.

விடிகிறதுக்கு முன்னால் சீயக்காய் போட்டுத் தலை முழுகினேன். உன் கொழுந்தனார், என் வீட்டுக்காரர், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டு, "இன்னாத்துக்கு அவசரம்? மத்தியானம்தான் எடுப்பாங்களாம். மேட்டுக் கொல்லையில பன்னி எறங்கிச்சின்னு சொன்னாங்க. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வா" என்றார். தான் முதல் பஸ்ஸுக்குச் சந்தைக்குப் போவதாகவும் சொன்னார். நான் சேலையை மடித்துக் கொடியிலேயே வைத்துவிட்டு ஈரத்தலையோடு மேடு ஏறினேன். சாமைக் கொல்லை முழுக்கச் சுற்றினேன். ஒரு கதிர் சாயவில்லை. ஒரு குளம்படி இல்லை. திரும்பும்போது ஓடையில் கால் வழுக்கிச் சேற்றில் விழுந்து எழுந்து வந்தால், நம் வீட்டு முன்னால் கூட்டம்.

கதவு திறக்கிறது. உன் கத்திரிப்பூ சேலை. என் நைனாவின் துப்பாக்கி. நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு நீ வருகிறாய். குப்பம்மாள் இடுப்பிலிருந்து என் பிள்ளை, நான் பெற்ற பிள்ளை, இரண்டு கையையும் நீட்டி "பெரீம்மா" என்று கத்தினான். அதனால் அவர்கள் இன்னொரு தடவை எடுக்க வேண்டியதாயிற்று. உனக்கு இரண்டு தடவை. எனக்கு ஒரு தடவையும் இல்லை.

அவர்கள் போன பிறகு மாட்டுக்கொட்டகை ஓரம் உன்னைப் பிடித்தேன்.

"நல்லா கீது யக்கா. பொடவையக் குடுத்துட்டு நீயே கட்டிக்கினு நின்னுட்டே."

"நான் எங்கடி நின்னேன். நிறுத்துனாங்க."

"யாரு?"

"ஒன் வூட்டுக்காரருதான். பின்கதவால வந்து, அவளுக்கு ஒடம்பு சரியில்ல, வரமாட்டா, நீங்க நில்லுங்க அண்ணின்னாரு. பொடவையையும் அவருதான் கொண்டாந்து குடுத்தாரு."

"அவருதான் சந்தையில கீறாரே."

"அவரு வரட்டும், கேளு."

வந்தார். உப்பும் பிள்ளைக்குப் பொரியும் வாங்கிக்கொண்டு வந்தார். கேட்டேன். "நானா? மொத பஸ்ல போனவன் நான். அண்ணிக்கு ஆசையா இருந்திருக்கும், நின்னுட்டாங்க. வுடு" என்றார். வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்த மாமியாரைக் கேட்டேன். மகன் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எனக்குக் கண்ணு செரியா தெரியல" என்றாள். அதே கிழவிக்கு, வேலிக்கு அந்தப் பக்கம் குப்பம்மாள் எத்தனை முருங்கைக்காய் பறித்தாள் என்பது மட்டும் தெரியும்.

அந்தக் கிழவி உன்னையும் விடவில்லை. மேக்கப் பையனுக்கு உன் கதை தெரியாது. வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டுப் பொட்டை வைத்துவிட்டான். "தாலி இல்லாதவளுக்குப் பொட்டு ஒரு கேடு" என்று மாமியார் தெரு கேட்கக் கத்தினாள். நீ அழிக்கவில்லை. பொட்டோடு மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாய், பொட்டோடு சாணி அள்ளினாய், பொழுது சாய்ந்து விளக்கு ஏற்றுகிற வரை வைத்திருந்தாய். அதற்கும் எனக்கு உன்மேல் பொறாமைதான். என் நெற்றியில் தினமும் இருந்த பொட்டை யாரும் அப்படி ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

பிறகு பேச்சு நின்றது. மணிக்கு மீசை அரும்புகிற வரைக்கும் ஒரே வாசலில், ஒரே கிணற்றில், பேசாமல் இருந்தோம். பேச வேண்டியதை எல்லாம் ஆட்டிடம் பேசினோம். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஏ ஆடே, கூழு மீந்து போச்சி. யாருக்குனா வேணும்னா எடுத்துக்கச் சொல்லு" என்பாய். நான் குடித்துப் பார்த்துவிட்டு, "ஏ ஆடே, உப்பு இல்லாத கூழ ஒன்னாலதான் குடிக்க முடியும்" என்பேன். அந்த ஆடு நம் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று காது ஆட்டிக்கொண்டே இருக்கும். என் இரண்டாவது பிரசவத்தில் மூன்று வேளையும் மிளகு கஷாயம் வைத்துக் கதவோரம் வைத்துவிட்டுப் போனாய், ஒரு வார்த்தை இல்லாமல். நானும் குடித்துவிட்டுச் சொம்பைக் கழுவி அதே இடத்தில் வைத்தேன், ஒரு வார்த்தை இல்லாமல்.

ஆட்டை விற்ற அன்றைக்கு நீ வெறும் முளைக்குச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றாய். "இனிமே யாருகிட்டடி சொல்றது?" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் பேசினோம். மழை, மாடு, மருமகள்கள், எல்லாம் பேசினோம். துப்பாக்கியைப் பற்றி மட்டும் நீயும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஊர் பேசியது. செங்கம் கொட்டகையில் அந்தப் படம் வந்தபோது ஊரே டிராக்டரில் ஏறிப் போனது. நான் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். அதன் பிறகு நீ ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போனால் "துப்பாக்கிக்கார அம்மா வர்றாங்க" என்று வழி விட்டார்கள். மலை பஸ்ஸில் கண்டக்டர் ஆளை எழுப்பி உனக்கு சீட் கொடுப்பான். உன் பக்கத்தில் பலாப்பழ மூட்டையோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் நான். வளைவுக்கு வளைவு உன் தோளில் இடிப்பேன். சில தடவை வளைவு இல்லாமலும் இடித்தேன்.

துப்பாக்கியும் போனது. எலெக்ஷன் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் வாங்கி வருவது வழக்கம். ஒவ்வொரு தடவையும் எண்ணெய் போட்டுத் துடைத்து, பழைய வேட்டியில் சுற்றிக் கொடுத்தனுப்புவேன். ஒரு வருஷம் என் வீட்டுக்காரர் லைசென்ஸைப் புதுப்பிக்க மறந்துவிட்டார். பிறகு அலைய முடியாது என்று கையெழுத்துப் போட்டு ஒரேயடியாகக் கொடுத்துவிட்டு, வெறும் வேட்டியோடு வந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கு என் நைனாவின் துப்பாக்கி இருப்பது அந்தப் போனுக்குள் மட்டும்தான், உன் கையில்.

நீ செத்த அன்றைக்குக்கூட எனக்கு நிம்மதி இல்லை. ஒப்பாரி வைக்க வந்தவர்கள், நீ பிள்ளை இல்லாமல் இருந்ததைப் பாடி, உழைத்ததைப் பாடி, கடைசியில் துப்பாக்கி ஏந்தி நின்றதையும் பாடினார்கள். நான் உன் காலடியில் உட்கார்ந்து நிஜமாகத்தான் அழுதேன். அழுதுகொண்டே, அது எங்க நைனா துப்பாக்கி என்று மனசுக்குள் திருத்திக்கொண்டும் இருந்தேன்.

இதெல்லாம் வயிற்றில் இருக்கும்போது சந்தியா வந்து என்ன பேர் போடட்டும் என்றால் நான் என்ன செய்வேன்? ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டேன். "என் பேரு போடு" என்றேன்.

"இது பெரிய ஆயா மூஞ்சி ஆச்சே."

"ஒலகத்துல எவனுக்குத் தெரியும்? நிக்க வேண்டியவ நான். துப்பாக்கி என்னுது. போடு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் தட்டினாள். பச்சையம்மா. அவள் காட்டினபோது எனக்கு அந்த இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. உன் முகத்துக்குக் கீழே என் பேர். இன்னொரு தட்டு தட்டினால் உலகத்துக்கே போய்விடும் என்றாள்.

"தட்டட்டுமா?"

"தட்டு."

"இரு ஆயா. கீழ இன்னும் இன்னாவோ எழுதிக்கிறாங்க." படித்துவிட்டுச் சிரித்தாள். "எடுக்கும்போது நடந்த தப்பையும் கண்டுபுடிச்சி வெச்சிக்கிறாங்க பாரு. கதவு தொறக்கறப்போ உள்ள இருட்டுல ஒரு கை தெரியுதாம். துப்பாக்கிய எடுத்துக் குடுக்குற கை. சினிமாக்காரங்க எவனோ ஒருத்தனுது, வெட்டாம வுட்டுட்டாங்கன்னு போட்டுக்கிறாங்க."

அதற்கும் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். நீ கதவுக்குள் பாதி, வெளியில் பாதி. உன் கைக்குத் துப்பாக்கியைத் திணிக்கிற ஒரு கை. மணிக்கட்டில் இரும்புக் காப்பு. மோதிர விரலில் மேல் கணு இல்லை.

அந்த விரல் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். கல்யாணமான முதல் பொங்கலுக்கு என் தாய் வீட்டுக்கு வந்தபோது கரும்பு ஆலையில் மாட்டிக்கொண்டது. என் முந்தானையைக் கிழித்துக் கட்டினவள் நான். ஆறின பிறகு மலை மேல் இருக்கிற சாமிக்கு வேண்டிக்கொண்டு அந்தக் காப்பைப் போட்டார்கள். அந்தச் சாமி பேரும் அவர் பேரும் ஒன்று. அதனால் கல்யாணமான நாளிலிருந்து நான் அந்தச் சாமியைக்கூட "மலை மேல் சாமி" என்றுதான் சொல்வேன், பொங்கல் வைத்துக் கும்பிடும்போதும். கட்டியவர் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர்களைச் சொல்லச் சொல்வேன்.

அந்தக் கைக்குத்தான் இத்தனை காலம் களி கிண்டிப் போட்டிருக்கிறேன்.

அவர் வெளியில் வேப்பமரத்தடியில் புளி தட்டிக்கொண்டிருந்தார். சந்தியாவின் போனை வாங்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

"இது யார் கை?"

குனிந்து பார்த்தார். "எவனோ சினிமாக்காரன்."

"காப்பு போட்ட சினிமாக்காரனா? கணு இல்லாத சினிமாக்காரனா?"

புளியை ஒரு தட்டு தட்டினார். "இப்போ இன்னாத்துக்கு அது? அண்ணியே போய்ட்டாங்க."

"சொல்லுங்க."

"இன்னா சொல்லச் சொல்ற? நீ போய் நின்னா கொட்டாயில எவன் எவனோ ஒன்ன பாப்பான், விசில் அடிப்பான். என் பொண்டாட்டிய நான் ஊருக்குக் காட்டணுமா?"

"அண்ணியப் பாத்தா மட்டும் பரவாயில்லையா?"

"அண்ணிக்குக் கேக்க ஆளு ஏது?"

சாதாரணமாகத்தான் சொன்னார், அக்கா. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி. நான் மறுபடியும் போனைப் பார்த்தேன். அந்தப் படத்தில் உன் முகம் வெளியே இருக்கிற கூட்டத்தைப் பார்க்கவில்லை. பின்பக்கம், அந்தக் கை இருக்கிற பக்கம் திரும்பியிருக்கிறது. வாய் திறந்திருக்கிறது. அதைக் காட்டி, "அப்ப இன்னா சொன்னாங்க அண்ணி?" என்று கேட்டேன்.

அவர் புளியிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துப் போட்டார். "'அவ வரட்டும், அவளுக்குக் குடுத்த பொடவ இது'ன்னாங்க. நான்தான் தள்ளிவுட்டேன்" என்றார்.

உள்ளே வந்து சந்தியாவிடம் என் பேரை எடுத்துவிடச் சொன்னேன். உன் முழுப் பேரைச் சொன்னேன். எழுத்து எழுத்தாகச் சொல்லி, படித்துக் காட்டச் சொல்லிச் சரி பார்த்தேன். செம்புக் கம்பி ஜோடனை இல்லை, சந்தவாசல் பக்கத்து விவசாயி ஒருத்தர் தன் கையால் சுற்றியது என்றும் போடச் சொன்னேன். மறுநாளே வெளிநாட்டிலிருந்து ஓர் ஆள், மகிழ்ச்சி, திருத்திவிட்டோம், அந்த அம்மாவுக்கு வணக்கம் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தான். உனக்குத்தான் வணக்கம். அதுவும் உனக்குத்தான். சொல்லிவிட்டேன்.

இதைப் படித்துவிட்டுப் பொறாமை தீர்ந்தது என்று நினைத்துவிடாதே. உன்னை நிறுத்தினார்கள், சரி. ஆனால் நிறுத்தின இடத்தில் நீ எப்படி நின்றாய் என்று தினமும் போனில் பார்க்கிறேன். வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற படத்தில் கழுத்து நிமிர்ந்துவிட்டது. கண்ணில் பயம் இல்லை. நான் நின்றிருந்தால் அவ்வளவு நன்றாக நின்றிருப்பேனா என்று ஒரு நினைப்பு வருகிறது, அதை உடனே விரட்டிவிடுகிறேன். கேட்க ஆள் இல்லாததால் உன்னை உலகம் பார்த்தது. கேட்க ஆள் இருந்ததால் என்னைக் கோழிகள் பார்த்தன. இதை யாரிடம் போய்ச் சொல்வேன்? ஆடும் இல்லை.

உன் கத்திரிப்பூ சேலை என் பெட்டியில்தான் இருக்கிறது. அன்றைக்கு மறுநாளே துவைத்து மடித்து என் கொடியில் போட்டுவிட்டுப் போனாயே, அன்றிலிருந்து. கோபத்தில் நான் அதைக் கட்டவே இல்லை. திருப்பியும் கொடுக்கவில்லை. என்னைப் புதைக்கும்போது அதைத்தான் கட்ட வேண்டும் என்று மருமகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீ கொடுத்ததை ஒரு தடவையாவது கட்டிக்கொண்டு வருகிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. அந்தக் கை சினிமாக்காரர் கை என்று எழுதியிருக்கிறார்களே, அதை நேற்று சாயங்காலம் திருத்தினோம். சந்தியா போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "யார் கைன்னு போடணும் ஆயா?" என்றாள்.

"ஒன் தாத்தா கை."

"தாத்தான்னு போட முடியாது. பேரு வேணும்."

"ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். நீ சொல்லு, அப்பதான் போடுவேன்" என்றாள். அவளிடம் உன் பிடிவாதம் கொஞ்சம் இருக்கிறது.

வெளியே இருமல் சத்தம் கேட்டது. கதவு திறந்துதான் இருந்தது. நான் குரலைத் தாழ்த்தவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் வாயில் வராத பேர் அது, மலை மேல் சாமியைக் கும்பிடும்போதும் வராத பேர். இருமல் நின்றது. நான் மறுபடியும் ஒரு தடவை, எழுத்து எழுத்தாக, தெளிவாகச் சொன்னேன்.

வேடியப்பன்.